ஜெயித்தாயிற்று... இனி அமைச்சரவை!

இணையத்தில் இயங்கும் பாவனை நாடுகளில், தேர்தல் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது? விளையாட்டாகத் தொடங்கி அரசியல் பள்ளியாக வளர்ந்த ஓர் உலகத்தைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை ‘நார்த் பசிபிக்’கில் தேர்தல் நடக்கிறது. உலக வரைபடத்தில் அப்படியொரு நாட்டைத் தேடினால் கிடைக்காது. ஆனால், அதற்கு அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. உரிமைச் சாசனம் இருக்கிறது. சட்டமன்றம், சபாநாயகர், நீதிமன்றம், ராணுவம், வெளியுறவுத் துறை எல்லாமே இருக்கின்றன. வேட்பாளர்கள் தேர்தல் அறிக்கை வெளியிடுகிறார்கள். குடிமக்கள் கேள்விகளால் துளைக்கிறார்கள். வாக்குகள் எண்ணப்படுகின்றன. ஜெயித்தவர் அடுத்த நான்கு மாதங்களுக்கு அந்த நாட்டின் தலைவர்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. பங்களாவோ, பாதுகாப்பு வாகனமோ கிடையாது. சொன்னதைச் செய்யாதவரைத் தண்டிக்கப் போலீஸும் கிடையாது. அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டியவர்கள் வெவ்வேறு கண்டங்களில் வாழும் மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், இரவுப் பணி முடித்து வந்து கணினியைத் திறக்கிறவர்கள். பெரும்பாலானோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. மனம் கசந்தால் கணினியை மூடிவிட்டுப் போய்விடலாம். யாரும் தேடி வரமாட்டார்கள். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் அந்தத் தலைவர் ஓர் அரசாங்கத்தை அமைக்க வேண்டும்.

தேர்தலில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தர இன்று நிறுவனங்களே இருக்கின்றன. ஜெயித்த மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. யாரை எந்தத் துறையில் உட்கார வைப்பது, தோற்றவரை என்ன செய்வது, எந்த அதிகாரத்தை யாரிடம் எவ்வளவு ஒப்படைப்பது என்பதையெல்லாம் பாடப்புத்தகம் இரண்டு வரியில் கடந்துவிடுகிறது. இணையத்தின் பாவனை நாடுகள் அந்த இரண்டு வரிக்குள் இருக்கும் கஷ்டத்தை மாதக்கணக்கில் வாழ்ந்து பார்க்க வைக்கின்றன. பணமும் போலீஸும் பரம்பரையும் இல்லாத இடத்தில் அரசாங்கம் எதன்மேல் நிற்கிறது என்பதை, இவற்றைப் போலத் துலக்கமாகக் காட்டும் வேறொரு பள்ளியை எனக்குத் தெரியவில்லை.

நாவலுக்கு விளம்பரமாகப் பிறந்த நாடுகள்

நார்த் பசிபிக் இருப்பது ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ என்ற இணைய விளையாட்டுக்குள். இதை உருவாக்கியவர் ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி. ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ என்ற அவருடைய நாவல் 2003 தொடக்கத்தில் வெளிவரவிருந்தது. அதற்கு விளம்பரமாக 2002 நவம்பரில் அவர் தொடங்கிய விளையாட்டு, இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை பல லட்சம் நாடுகள் அதில் உருவாகி, வளர்ந்து, கைவிடப்பட்டு, மறைந்திருக்கின்றன.

ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாடாவது இருக்கும். பெயர், கொடி, நாணயம் எல்லாம் அவரவர் விருப்பம். பிறகு பிரச்சினைகள் வரிசையாக மேசைக்கு வரும். வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாமா, பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தலாமா, காட்டை வெட்டித் தொழிற்சாலை கட்டலாமா? எந்த முடிவை எடுத்தாலும் ஓரிடத்தில் லாபம், இன்னோரிடத்தில் நஷ்டம். குடிமை உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் ஆகிய மூன்று அளவுகோல்களில் ஏற்ற இறக்கம் தெரியும். எல்லோரையும் திருப்திப்படுத்தும் முடிவு அநேகமாகக் கிடைக்கவே கிடைக்காது.

இந்த அளவில் நின்றிருந்தால் இது ஒரு புத்திசாலித்தனமான பொழுதுபோக்கு, அவ்வளவே. நாடுகள் ஒன்றுசேர்ந்து ‘பிரதேசங்கள்’ ஆனபோதுதான் உண்மையான அரசியல் பிறந்தது. நார்த் பசிபிக்கும் அப்படியொரு பிரதேசம்தான். ஒரு பிரதேசத்துக்குள் ஆயிரக்கணக்கான நாடுகள் இருக்கலாம். அவற்றுக்குள் யார் தலைவர், எந்தச் சட்டத்தின்படி ஆள்வது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது? இந்தக் கேள்விகளுக்கு விளையாட்டை உருவாக்கியவர் விடை எழுதித் தரவில்லை. ஆடியவர்களே உட்கார்ந்து அரசியலமைப்பை எழுதினார்கள், திருத்தினார்கள், சண்டையிட்டார்கள், மறுபடியும் எழுதினார்கள்.

அந்த உலகத்தில் ஓர் ஐக்கிய நாடுகள் சபையும் இருந்தது. அந்தப் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று 2008-ல் உண்மையான ஐ.நா.விடமிருந்து கடிதம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அது ‘வேர்ல்டு அசெம்பிளி’யாக, அதாவது உலக மன்றமாக, மாறியது.

வாக்கு ஒரு பக்கம், ஆதரவு ஒரு பக்கம்

நார்த் பசிபிக்கில் தேர்தலில் ஜெயித்தவர் அந்த நொடியே தலைவராகிவிட முடியாது. இங்கேதான் இந்த விளையாட்டின் ஆழமான பாடம் தொடங்குகிறது.

ஒரு பிரதேசத்தின் தலைவருக்கு ‘டெலிகேட்’ என்று பெயர். சட்டப்படி டெலிகேட் யார் என்பதைத் தேர்தல் முடிவு செய்கிறது. ஆனால் விளையாட்டின் இயந்திரத்துக்குத் தேர்தல் தெரியாது, அரசியலமைப்பும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ‘என்டோர்ஸ்மென்ட்’ எனப்படும் ஆதரவு மட்டுமே. உலக மன்றத்தில் உறுப்பினராக உள்ள நாடுகள், அதே பிரதேசத்தில் இருக்கும் மற்றொரு உறுப்பு நாட்டுக்கு ஆதரவு தரலாம். தினமும் இரண்டு முறை கணக்கெடுப்பு நடக்கும். அந்த நேரத்தில் யாரிடம் அதிக ஆதரவு இருக்கிறதோ, அவர் கையில் டெலிகேட் பதவி. வேண்டாதவர்களைப் பிரதேசத்தைவிட்டு வெளியேற்றும் அதிகாரம் உட்பட எல்லாமே அந்தப் பதவியோடு போகிறது. ஒருவர் எத்தனை நாடுகள் வைத்திருந்தாலும் உலக மன்றத்தில் அவருக்கு ஓர் இடம்தான். எனவே போலிக் கணக்குகளைக் குவித்து ஆதரவைப் பெருக்குவது குற்றம்.

ஆக, தேர்தலில் ஜெயித்தவரிடம் சட்டத்தின் உரிமை இருக்கிறது. நடைமுறை அதிகாரமோ இன்னும் பழைய தலைவரிடமே இருக்கிறது. பல நூறு ஆதரவுகளைக் கையில் வைத்திருக்கும் பழைய தலைவர், ‘எனக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெற்றுப் புதியவருக்குக் கொடுங்கள்’ என்று எல்லா நாடுகளுக்கும் தானே செய்தி அனுப்ப வேண்டும். புதியவர் ஒவ்வொரு நாட்டின் வாசலுக்கும் போய்த் தன் ஆதரவைத் தந்து, பதிலுக்கு அவர்கள் ஆதரவைக் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தும்வரை ஆட்சி கைமாறாது. இதற்குப் பல நாட்கள் ஆகும்.

இந்த இடைவெளி ஆபத்தானது. ஆதரவு இரண்டாகப் பிரிந்து கிடக்கும் நேரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் முந்திக்கொள்ளலாம். பழைய தலைவருக்கே மனம் மாறி, நாற்காலியைவிட்டு இறங்க மறுக்கலாம். அதற்காகவே, நெடுநாள் நம்பிக்கை பெற்றவர்களைக் கொண்ட பாதுகாப்புக் கவுன்சில் ஒன்றை நார்த் பசிபிக் வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர்கள் எப்போதும் ஆதரவில் முன்வரிசையில் இருப்பார்கள். துணை டெலிகேட் அதற்குத் தலைவர். தலைவருக்கு ஏதாவது ஆனால் அல்லது தலைவரே துரோகம் செய்தால், பிரதேசத்தைக் காப்பது இவர்கள் வேலை.

தோற்றவர் அல்லது பதவி முடிந்தவர் கதவைத் திறந்துவிட்டால்தான் ஜெயித்தவர் உள்ளே போக முடியும். உலகத்தின் பெரிய ஜனநாயகங்களும் இதே நம்பிக்கையின்மேல்தான் நிற்கின்றன. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தபோது, அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை உலகமே பார்த்தது. பாவனை நாட்டில் வாழ்கிறவர்கள் அதை வருடத்துக்கு மூன்று முறை பார்க்கிறார்கள். மூன்று முறையும் கையால் நெய்து சரிசெய்கிறார்கள்.

யாரை அமைச்சராக்குவது?

ஆதரவு கைமாறும் அதே நாட்களில் அமைச்சரவையும் தயாராக வேண்டும். வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு, பண்பாடு, தகவல் தொடர்பு, உலக மன்ற விவகாரம் என்று துறைகள் பிரிகின்றன. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இவை அலங்காரப் பெயர்கள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஓயாத வேலை இருக்கிறது.

உள்துறையை எடுத்துக்கொள்வோம். புதிதாக ஆட்டத்தில் சேருகிறவர்களின் நாடுகளில் பல, ‘பசிபிக்’ என்ற பெயரைத் தாங்கிய ஐந்து பெரிய பிரதேசங்களில் பிறக்கின்றன. நார்த் பசிபிக் அவற்றில் ஒன்று. தினமும் பிறக்கும் நாடுகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே கைவிடப்படும். வந்தவரை வரவேற்று, சட்டம் சொல்லிக் கொடுத்து, உலக மன்றத்தில் சேரவைத்து, குடிமகனாக்குவது உள்துறையின் பொறுப்பு. இந்த வேலை படுத்துவிட்டால் ஆதரவு தரும் நாடுகளின் எண்ணிக்கை சரியும். ஆதரவு சரிந்தால் தலைவரின் பாதுகாப்பு சரியும். வரவேற்புக் கடிதம் எழுதும் ஓர் இளைஞரின் சோம்பல், மூன்று மாதம் கழித்து நாட்டின் பாதுகாப்புப் பிரச்சினையாக வந்து நிற்கும்.

உலக மன்ற விவகாரத் துறையும் அப்படித்தான். தீர்மானங்கள்மீது வாக்களிக்கும்போது டெலிகேட்டின் வாக்குக்கு அவர் பெற்ற ஆதரவுகளின் எடை சேரும். ஒரு பெரிய பிரதேசத்தின் டெலிகேட் கையைத் தூக்கினால் நூற்றுக்கணக்கான வாக்குகள் விழும். எனவே, தீர்மானத்தைப் படித்து, குடிமக்களிடம் கருத்துக் கேட்டு, பரிந்துரை எழுதித் தர ஆட்கள் வேண்டும். வெளியுறவுத் துறை தூதரகங்களைப் பராமரிக்கிறது, ஒப்பந்தங்களைப் பேசுகிறது. பாதுகாப்புத் துறையின் வீரர்கள், கணக்கெடுப்பு நடக்கும் அந்த நொடிக்காக நள்ளிரவில் விழித்திருக்கிறார்கள்.

இத்தனை வேலைக்கும் கூலி, ஒரு நன்றிச் செய்தி. ஆகவே தலைவருக்கு முதல் நாளே தர்மசங்கடம் தொடங்குகிறது. தேர்தலில் தனக்காக உழைத்த நண்பருக்குப் பதவி தருவதா, வேலை தெரிந்தவருக்குத் தருவதா? அனுபவசாலிகளையே மறுபடி நியமித்தால் புதியவர்கள் சலித்து விலகுவார்கள். புதியவர்களை மட்டும் போட்டால் ஒப்பந்தம் எழுதத் தெரியாது. எதிர்த்துப் போட்டியிட்டவரை வெளியே விட்டால் அவரைச் சுற்றி அதிருப்தி சேரும். உள்ளே சேர்த்தால் ரகசியங்கள் கசியுமோ என்ற பயம். அமைச்சராக ஒப்புக்கொண்டவருக்குப் பரீட்சை வந்துவிடும். இரண்டு வாரம் அவர் தலையைக் காட்டமாட்டார். அவரைத் திட்டவும் முடியாது, துறையைச் சும்மா விடவும் முடியாது.

நல்ல தலைவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு பொதுவான முறை தெரிகிறது. ஒவ்வோர் அமைச்சருக்கும் ஒரு துணை இருப்பார். அமைச்சர் காணாமல் போனால் வேலை நிற்காது. தோற்ற வேட்பாளரின் நல்ல திட்டங்களை வெளிப்படையாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். பதவி முடியும் நாளில் அடுத்தவருக்கு ஒப்படைக்க வேண்டிய குறிப்புகளைப் பதவியேற்ற வாரத்திலேயே எழுதத் தொடங்குவார்கள். மோசமான தலைவரின் முறையும் தெரிந்ததே. எல்லாவற்றையும் தானே செய்வார். ஆறாவது வாரத்தில் களைத்துப்போய் அவரும் காணாமல் போவார்.

கூட்டணி என்னும் கணக்கு

நார்த் பசிபிக் ஒரு கற்பனை நாடு. நிஜ நாட்டின் அமைப்பையே நகல் எடுத்து ஆடுகிறவர்களும் உண்டு. ரெடிட் தளத்தில் 2014-ல் தொடங்கிய பிரிட்டிஷ் மாதிரி மக்களவை அவற்றில் பெயர் பெற்றது. அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் மாதிரி அவைகளும் அதைப் போலவே உருவாயின.

பிரிட்டனின் உண்மையான தேர்தலில் தனிப்பெரும்பான்மை வழக்கம், கூட்டணி விதிவிலக்கு. மாதிரி அவையில் நிலைமை தலைகீழ். பழமைவாதிகள், தொழிலாளர் கட்சி, லிபரல்கள், பசுமைக் கட்சி, தீவிர இடதுசாரிகள் என்று வாக்குகள் சிதறும். எனவே முடிவு வந்த இரவிலேயே பேரம் தொடங்கிவிடும். நிதியமைச்சர் பதவி யாருக்கு, வருமான வரி விகிதம் எவ்வளவு, அணு ஆயுதம் இருக்கட்டுமா, வேண்டாமா? குறிப்பிட்ட கெடுவுக்குள் கூட்டணி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் அதை வாக்கெடுப்பில் ஏற்க வேண்டும். தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தால் சொந்தக் கட்சியே நிராகரித்துவிடும்.

அதன்பிறகு அரசரோ அரசியோ ஆற்றும் உரையாக அரசின் திட்டங்கள் அவையில் வைக்கப்படும். அமைச்சர்கள் கேள்வி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். மசோதாக்களைச் சட்ட மொழியில் எழுத வேண்டும். வரவு செலவு கூட்டிக் கழித்துச் சரியாக வரும் பட்ஜெட்டைத் தயாரிக்க வேண்டும். பதினேழு வயது மாணவர் ஒருவர் பல இரவுகள் உட்கார்ந்து, உண்மையான அரசின் கணக்குகளைப் படித்து, எந்த வரியைக் கூட்டினால் எந்த மருத்துவமனைக்குப் பணம் கிடைக்கும் என்று பார்க்கிறார். இதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் எது?

பிந்தைய ஆண்டுகளில் இந்த அவை இன்னொரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. வெளியாட்களைக் கூட்டி வந்து வாக்குப் போடவைக்கும் முறையை விட்டுவிட்டு, விவாதங்களில் பேசியது, மசோதா எழுதியது, பிரசாரம் செய்தது ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு கட்சியின் செல்வாக்கையும் கணக்கிடும் முறைக்கு வந்தது. பதவியில் உட்கார்ந்து வாய் திறக்காத கட்சி அடுத்த தேர்தலில் தேய்ந்துபோகும். நிஜ உலகத்தில் இப்படி ஓர் ஏற்பாடு சாத்தியமில்லை. ஆனால், நம் பிரதிநிதி அவையில் எத்தனை நாள் பேசினார், எத்தனை கேள்வி கேட்டார் என்று பார்த்து வாக்களிக்கும் பழக்கம் நமக்கும் சாத்தியம்தான்.

ஒரு மாத ஜனாதிபதி

ருமேனியாவில் உருவாகி 2008-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘ஈ-ரிபப்ளிக்’ விளையாட்டில் காலம் இன்னும் குறுகியது. அங்கே இந்தியா உட்பட உண்மையான நாடுகளின் பெயர்களே இருக்கும். மாதந்தோறும் 5-ம் தேதி ஜனாதிபதி தேர்தல், 15-ம் தேதி கட்சித் தலைவர் தேர்தல், 25-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் என்பது வழக்கம். முப்பது நாள் ஆயுள் கொண்ட ஆட்சி.

முப்பது நாளில் அமைச்சரவை அமைத்து, பாதுகாப்பு ஒப்பந்தங்களைப் புதுப்பித்து, போரை நடத்தி, வரியை நிர்ணயித்து, மறுபடி தேர்தலுக்கும் தயாராக வேண்டும். நடுவில் நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். குடிமக்கள் நடத்தும் பத்திரிகைகள் தினமும் விளாசும். குடிமக்கள் தொகை குறைந்த சிறிய நாடுகளுக்கு வேறோர் அபாயமும் உண்டு. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கூட்டமாக வந்து குடியேறி, ஒரு கட்சியைக் கைப்பற்றி, தேர்தலில் சட்டப்படியே ஜெயித்து, கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். அதனால் குடியுரிமையை யாருக்குத் தருவது என்பது அங்கே எப்போதும் கொதிக்கும் விவாதம்.

குறுகிய பதவிக்காலம் என்ன செய்யும் என்பதற்கு இது நல்ல ஆய்வுக்கூடம். பலன் தரப் பல மாதம் ஆகும் வேலையைத் தொட எந்தத் தலைவருக்கும் மனம் வராது. உடனே கைதட்டல் தரும் போர் அறிவிப்புக்கு மனம் ஓடும்.

நாற்காலி பறிபோகும் வழிகள்

நேஷன்ஸ்டேட்ஸின் வரலாற்றில் 2003 மறக்க முடியாத ஆண்டு. ‘தி பசிபிக்’ பிரதேசத்தின் டெலிகேட் பதவியைப் பிரான்கோஸ் ஸ்பெயின் என்ற நாடு கைப்பற்றியது, எதிர்த்தவர்களை வெளியேற்றியது, ‘நியூ பசிபிக் ஆர்டர்’ என்ற புதிய ஆட்சியை நிறுவியது. அதற்குப் பிறகே மற்றப் பிரதேசங்கள் விழித்துக்கொண்டன. அரசியலமைப்புகள் இறுக்கமாயின. பாதுகாப்புக் கவுன்சில்கள் வலுப்பெற்றன. 2006-ல் விளையாட்டுக்குள்ளேயே ‘செல்வாக்கு’ என்ற புதிய அளவு வந்தது. நெடுநாள் இருந்து ஆதரவு பெற்றவர்களுக்கு அது மெல்ல மெல்லச் சேரும். அவர்களைத் துரத்துவது புதிதாக வந்த சர்வாதிகாரிக்கு எளிதாக இருக்காது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டு வேறொரு பாடத்தைச் சொன்னது. அங்கே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த கூட்டணிகள் விண்மீன் மண்டலங்களை ஆள்கின்றன. ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ என்ற வல்லரசுக் கூட்டணியைப் போரில் யாராலும் வீழ்த்த முடியவில்லை. 2009-ல் முழு நிர்வாக அதிகாரம் பெற்றிருந்த அதன் நிர்வாகி ஒருவர் எதிரணிக்குத் தாவினார். தன் அதிகாரத்தைப் பயன்படுத்திக் கூட்டணியையே கலைத்துவிட்டார். போர்க்கப்பல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. கூட்டணி இல்லை. ஒரே ஆளிடம் எல்லாச் சாவியையும் கொடுப்பதன் விலை அது.

2014 ஜனவரி 27 அன்று அதே விளையாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு விண்மீன் மண்டலத்தின் உரிமைக்காகக் கட்ட வேண்டிய வழக்கமான கட்டணம் கட்டப்படாமல் போனது. மண்டலம் உரிமையாளர் இல்லாததாகிவிட, எதிரிகள் பாய்ந்தார்கள். இருபத்தோரு மணி நேரம் நீடித்த போரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஈடுபட்டார்கள். ‘டைட்டன்’ எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. உண்மையான பண மதிப்பில் சேதம் சுமார் 3 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதிகாரப் போட்டியில் அல்ல, அன்றாட நிர்வாகத்தில் விழுந்த ஓட்டையால் ஒரு மாபெரும் கப்பற்படை நொறுங்கியது. அமைச்சரவையில் கவர்ச்சியில்லாத துறைகளுக்குத்தான் கவனமான ஆட்கள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நாட்டுக்கு மேலே ஒரு நிறுவனம்

இந்த நாடுகளுக்கெல்லாம் ஒரு பெரிய எல்லை உண்டு. சர்வர் யாருடையதோ, கடைசி அதிகாரம் அவருடையது.

இந்தக் கேள்வி முதன்முதலில் கூர்மையாக எழுந்த இடங்களில் ஒன்று ‘லாம்டாமூ’. 1990-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் உருவாக்கிய, வெறும் எழுத்துகளால் ஆன உலகம் அது. குடியிருப்பவர்களின் சச்சரவுகளைத் தீர்த்துத் தீர்த்து அலுத்துப்போன நிர்வாகிகள், 1992 இறுதியில் ‘இனி இது உங்கள் பாடு’ என்று ஒதுங்கினார்கள். மறு ஆண்டே ஓர் ஆட்டக்காரர் மற்றவர்கள்மீது எழுத்தாலேயே பாலியல் வன்முறை நிகழ்த்தினார். தண்டிக்கச் சட்டம் இல்லை, நீதிமன்றம் இல்லை, அரசே இல்லை. ஜூலியன் டிபெல் எழுதி ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை அதை உலகறியச் செய்தது. பிறகு மனுக்கள், வாக்கெடுப்புகள் என்று ஜனநாயக ஏற்பாடுகள் வந்தன. ஆனால் 1996-ல் நிர்வாகிகள் அதிகாரத்தை மீண்டும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். சமூகம் சார்ந்த முடிவுகளிலிருந்து தாங்கள் முழுமையாக விலகி நிற்பது நடக்காத காரியம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஈவ் ஆன்லைன் நடுவழி ஒன்றைக் கண்டது. நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஒரு கூட்டணிக்கு முறைகேடாக உதவியது 2007-ல் அம்பலமாகிப் பெரும் கொந்தளிப்பானது. அதையடுத்து 2008-ல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் கவுன்சில் பிறந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ரெய்க்யவிக் நகருக்குப் பறந்து சென்று, நிறுவனத்தின் தலைவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். 2011-ல் விலை விவகாரத்தில் ஆட்டக்காரர்கள் திரண்டு கிளர்ச்சி செய்தபோது, கவுன்சிலை அவசரமாக அழைத்துப் பேச வேண்டிய நிலைக்கு நிறுவனம் வந்தது.

அந்தக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர், ‘வைல் ராட்’ என்ற பெயரில் ஆடிய ஷான் ஸ்மித். விளையாட்டில் ஒரு பெரிய கூட்டணியின் தலைமைத் தூதர். எதிரிகளோடு பேசிப் பேசியே பல போர்களின் போக்கை மாற்றியவர். நிஜ வாழ்வில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அதிகாரி. 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டபோது உயிரிழந்தார். எதிராளிகளாக இருந்தவர்கள்கூட விளையாட்டுக்குள் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். இது பொழுதைக் கொல்லும் பிள்ளைகளின் உலகம் என்று நினைப்பவர்கள் ஷான் ஸ்மித்தை அறிந்துகொள்ள வேண்டும்.

காத்மாண்டு: எல்லை தாண்டிய நாள்

2025 செப்டம்பர் 4. நேபாள அரசு 26 சமூக வலைத்தளங்களுக்குத் தடை விதித்தது. 8-ம் தேதி இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றமும் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்தன. நாட்டுக்கு அரசாங்கம் இல்லை.

அந்த நாட்களில் இளைஞர்கள் கூடிய இடம் ‘டிஸ்கார்ட்’. விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்வதற்காக 2015-ல் உருவான செயலி அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்த தளத்தில், அடுத்த பிரதமர் யார் என்று விவாதம் நடந்தது, வாக்கெடுப்பும் நடந்தது. அதில் முன்னிலை பெற்றவர் சுசீலா கார்கி. நேபாள உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியாக இருந்தவர். 12-ம் தேதி இரவு அவர் இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். நேபாளத்தின் முதல் பெண் பிரதமரும் அவரே.

அவர் அமைச்சரவையைத் தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. முதலில் மூன்றே பேர். மின்வெட்டில் தவித்த நாட்டுக்கு வெளிச்சம் தந்தவர் என்று பெயரெடுத்த குல்மான் கிசிங்குக்கு எரிசக்தி. முன்னாள் நிதிச் செயலாளர் ராமேஷ்வர் கனாலுக்கு நிதி. வழக்கறிஞர் ஓம் பிரகாஷ் ஆர்யாலுக்கு உள்துறை. தேர்தல் 2026 மார்ச் 5 அன்று என்று நாளும் குறிக்கப்பட்டது. வேலை தெரிந்தவர்கள், சிறிய குழு, போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று நெருக்கடி நேர அரசுக்குத் தேவையான மூன்றும் அதில் இருந்தன.

ஆனால் இங்கே எச்சரிக்கையும் தேவை. டிஸ்கார்டில் விழுந்த வாக்குகள் சில ஆயிரங்கள். நேபாளத்தின் மக்கள்தொகை சுமார் மூன்று கோடி. வாக்களித்தவர் நேபாளியா, எத்தனை கணக்கு வைத்திருக்கிறார் என்று யாராலும் உறுதி செய்ய முடியாது. மலைக்கிராமத்தில் இணையம் இல்லாத பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. கார்கியைப் பிரதமராக்கியது குடியரசுத் தலைவர், ராணுவத் தளபதி, போராட்டக் குழுவினர் ஆகியோருக்கிடையே நடந்த பேச்சுவார்த்தையும், குடியரசுத் தலைவரின் நியமனமும்தான். இணைய வாக்கெடுப்பு ஒரு தலைமுறையின் விருப்பத்தைக் காட்டியது. அதுவே தேர்தலுக்கு மாற்றாகிவிடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பாவனை நாடுகளுக்குக் குறைகள் உண்டு. அங்கே பசி இல்லை. தவறான முடிவால் யாரும் வீடிழப்பதில்லை. நேரம் நிறைய வைத்திருப்பவர் கை ஓங்கும். வேலையும் குடும்பமும் உள்ளவர் பின்தங்குவார். முகம் தெரியாத தைரியத்தில் வசையும் துன்புறுத்தலும் நடக்கின்றன. படிப்பைத் தொலைத்து மூழ்கிப்போகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் இதில் இறங்கினால் யாரோடு பேசுகிறார்கள், எத்தனை மணி நேரம் போகிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

அத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. பதினாறு வயதில் ஓர் அமைச்சரவையை அமைத்துப் பார்த்தவர், தோற்றவரிடம் போய் உதவி கேட்டவர், தன் ஆதரவைத் தானே அடுத்தவருக்கு மாற்றித் தந்துவிட்டு இறங்கியவர், வாழ்நாள் முழுக்க அரசியலை வேறு கண்ணோடு பார்ப்பார். தலைவரைத் தெய்வமாக்க அவரால் முடியாது. நாற்காலி எதன்மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். எல்லா அரசியல்வாதிகளும் ஒன்றுதான் என்று அலட்சியமாகப் பேசவும் அவரால் முடியாது. நல்ல நிர்வாகம் எவ்வளவு உழைப்பு கேட்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

நம்மூரில் பதினெட்டு வயதானதும் வாக்குரிமை வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் ஒரு முடிவையாவது கூட்டாக எடுத்து, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்ற அனுபவம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது? வகுப்புத் தலைவரை ஆசிரியர் நியமிக்கிறார். இளைஞர் நாடாளுமன்றப் போட்டிகள் நடக்கின்றன. பல இடங்களில் அவை எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் மேடையாகவே முடிகின்றன.

இதை மாற்றக் கணினிகூடத் தேவையில்லை. பள்ளி நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்களில் ஒரு பங்கை, விளையாட்டு விழாவின் செலவை, விடுதியின் உணவுப் பட்டியலை மாணவர்களிடம் விட்டுப் பாருங்கள். அவர்களே தேர்தல் நடத்தட்டும், ஜெயித்தவர் குழு அமைக்கட்டும், கணக்குக் காட்டட்டும், காலம் முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைக்கட்டும். தவறு செய்வார்கள். அந்தத் தவறுகள் பள்ளியிலேயே நடந்து முடிவது நாட்டுக்கு நல்லது. ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். வாக்குச்சாவடிக்கு முதன்முறையாகப் போகும் நம் பிள்ளைகளுக்கு, ஆட்சி என்றால் என்ன என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.